மெத்தோட்ரெக்சேட் கேன்சர் மருந்தாமே, அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

செந்தில்_முசிறி

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 54 வயது. ஆடி மாதத்திலிருந்து இரண்டு கைகளிலும் விரல் முட்டிகளும் மணிக்கட்டும் வீங்கிக் கிடக்கின்றன, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கையை மடக்கவே முடியாது, காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறார். பக்கத்துக் கிளினிக்கில் தேய்மானம்தான், வயசானால் வரும் என்று சொல்லி ஊசியும் வலி மாத்திரையுமாகவே ஆறு மாதத்தை ஓட்டிவிட்டார்கள். தை பிறந்த பிறகுதான் திருச்சியில் வாதநோய் நிபுணர் ஒருவரிடம் போனோம். ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. இரண்டும் பாசிடிவ். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று சொல்லி மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி., ஃபோலிக் ஆசிட், ஹைட்ராக்சிகுளோரோகுயின், கொஞ்ச நாளைக்கு மட்டும் குறைந்த அளவில் ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மாமா நெட்டில் பார்த்துவிட்டு இது கேன்சர் மருந்து என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து அம்மா மாத்திரையைத் தொட மாட்டேன் என்கிறார். சித்தி கேரள வைத்தியத்துக்குக் கூப்பிடுகிறார். எங்கள் ஊரில் இந்த நோய் வந்த ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை, நம் பக்கம் இது அபூர்வமான நோயா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராஜா_மெடிக்கல்ஸ்

செந்தில் தம்பி, மற்ற கேள்விகளுக்கு மற்றவர்கள் வருவார்கள். நான் ஒரே ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உயிர் விஷயம். மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரு நாள் மட்டும். தினமும் இல்லை.

மருந்துக் கடைக்காரனாகச் சொல்கிறேன், பயப்பட வேண்டியது இங்கேதான். ஃபோலிக் ஆசிடும் மஞ்சள் மாத்திரை, 2.5 மி.கி. மெத்தோட்ரெக்சேட்டும் பெரும்பாலும் மஞ்சள் மாத்திரை, இரண்டும் பொடிசு. வயதானவர்கள் அட்டையிலிருந்து பிய்த்து ஒரே டப்பாவில் போட்டுவைத்தால் எது எது என்று தெரியாமல் போகும். தினம் ஒன்றாகப் போட்டு ஒரு வாரம் பத்து நாளில் வாயெல்லாம் புண், காய்ச்சல், ரத்த அணுக்கள் சரிந்து ஐ.சி.யூ. வரை போனவர்கள் உண்டு. அப்படி நடந்துவிட்டால் ஃபோலினிக் ஆசிட் என்று மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வீட்டில் வைத்துப் பார்க்கிற வேலை இல்லை.

என் கடையில் கவர் மேல் "ஞாயிறு மட்டும்" என்று ஸ்கெட்ச் பேனாவால் பெரிசாக எழுதிக் கொடுக்கிறேன். எந்தக் கிழமை என்பதை டாக்டரைக் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். நான்கு வாரத்துக்கு மேல் ஒரே தடவையில் வாங்கி வைக்காதீர்கள். 15 மி.கி. ஒரே மாத்திரையாகவும் கிடைக்கிறது, 2.5 மாத்திரையை ஆறு எண்ணிப் போடுவதைவிட அது நல்லது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அட்டையில் போட்டிருக்கும் மில்லிகிராமைப் படித்துவிட்டு வாங்குங்கள். போன தடவை 2.5, இந்தத் தடவை 15 என்று மாறியிருக்க, பழக்கத்தில் ஆறு மாத்திரை போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மரு_தமிழ்நங்கை

ராஜா அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் வாதநோய்த் துறையில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவை நேரில் பார்க்காமல் அவருக்கென்று சிகிச்சை சொல்ல முடியாது, அதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். மருந்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்கிறேன்.

மாமா சொன்னது பொய்யில்லை, கேன்சருக்குத்தான் முதலில் வந்தது. ஆனால் எலும்புப் புற்றுநோயில் ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான மில்லிகிராம் ஏற்றுவார்கள். உங்கள் அம்மாவுக்கு வாரத்துக்கு 15. இவ்வளவு குறைந்த அளவில் அது செல்லைக் கொல்கிற வேலையைப் பெரிதாகச் செய்வதில்லை, அடினோசின் என்ற பொருளைத் திசுக்களில் அதிகமாக வெளிவிடச் செய்து அழற்சியைத் தணிக்கிறது என்பதுதான் இன்றைய புரிதல். ஒரே மருந்துதான், ஆனால் அளவு மாறும்போது வேலையும் மாறிவிடுகிறது.

அம்மாவிடம் இந்தக் கதையையும் சொல்லுங்கள். இந்த வகை மருந்தை முதலில் உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், பீமவரத்துக்காரர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சுதேசி இயக்கக் காலத்தில் கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனதில் பேராசிரியருக்குக் கோபம், அதனால் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். 1920-களில் அமெரிக்கா போய், லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் ஆசிட் பற்றி வேலை செய்து, அதற்கு எதிராக வேலை செய்கிற அமினோப்டெரினையும் அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட்டையும் கொண்டுவந்தார். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1948-ல் வெளியிட்டார். அதே ஆண்டு சுப்பாராவ் இறந்துபோனார். இது மூட்டுக்கும் கேட்கும் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

1951-லேயே நியூயார்க்கில் குப்னர் என்பவர் முடக்குவாதக்காரர்கள் சிலருக்கு அமினோப்டெரின் கொடுத்து வீக்கம் இறங்குவதைப் பார்த்துவிட்டார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம், அப்போது உலகமே கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் அதை முதல் நோயாளிக்குப் போட, நடக்க முடியாமல் கிடந்தவர் சில நாளில் எழுந்து நடந்தார். 1950-லேயே நோபல் பரிசு. அப்புறம்தான் முகம் உப்புவதும் எலும்பு மெலிவதும் சர்க்கரை ஏறுவதும் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன. மெத்தோட்ரெக்சேட் முடக்குவாதத்துக்கு நிஜமாகவே கேட்கிறது என்று ஒழுங்கான ஒப்பீட்டு ஆய்வுகள் வந்தது 1985 வாக்கில்தான், அமெரிக்காவில் அனுமதி 1988-ல். முப்பது வருடத்துக்கு மேல் கையில் இருந்த மருந்தை விட்டுவிட்டு எத்தனை பேரின் விரல்கள் கோணிப்போயின என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆறுவதில்லை.

இன்னொன்று. கேன்சர் மருந்து ஆயுளைக் குறைக்கும் என்று அம்மா பயப்பட்டால் 2002-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் விச்சிட்டாவில் 1,240 முடக்குவாத நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், மெத்தோட்ரெக்சேட் எடுத்தவர்களில் இறப்பு விகிதம் எடுக்காதவர்களைவிட 60 சதவீதம் குறைவு. குறைந்ததில் பெரும்பங்கு இதயநோய் இறப்பு. இந்த நோய் மூட்டோடு நிற்பதில்லை, அழற்சி ரத்தக் குழாயையும் தின்கிறது. அதை அடக்கினால் இதயத்துக்கும் நல்லது.

சுந்தரம்_புள்ளியியல்

"எங்கள் ஊரில் ஒருவரையும் கேள்விப்பட்டதில்லை" என்ற வரிக்குப் பதில் எழுதுகிறேன், வேலையில் இருந்த காலமெல்லாம் கணக்கெடுப்போடு கிடந்தவன் என்ற முறையில்.

புனே - சோலாப்பூர் சாலையில் பிக்வான் என்று ஒரு ஊர். 1996-ல் அரவிந்த் சோப்ரா குழுவினர் அங்கே வீடு வீடாகப் போனார்கள். கோப்கார்ட் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பும் 1981-ல் தொடங்கிய திட்டத்தின் முறை அது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை எண்ணினால் யார் வரவில்லை என்பது தெரியாது, ஆகவே உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, எங்கே வலிக்கிறது என்று மனித உருவப் படத்தில் குறிக்கச் சொல்லி, வலி இருக்கிறவர்களை அந்த ஊரிலேயே நிபுணர்கள் பரிசோதிப்பார்கள். 4,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களில் 18 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மூட்டு, தசை, எலும்புத் தொல்லை. முடக்குவாதம் மட்டும் சுமார் 0.5 சதவீதம். டெல்லிப் பக்கக் கிராமங்களில் மாளவியா குழு எடுத்து 1993-ல் வெளியிட்ட கணக்கில் 0.75. பிறகு பல மாநிலங்களில் எடுத்ததைச் சேர்த்துப் பார்த்தபோது 0.3 சொச்சம்.

இதில் எது சரி என்று சண்டை போடுவது வீண். 4,000 பேரில் 0.5 சதவீதம் என்றால் இருபது பேர். ஐந்தாறு பேர் கூடினாலும் குறைந்தாலும் சதவீதம் எங்கேயோ போய்விடும். எந்த அளவுகோலை வைத்து நோய் என்று சொல்கிறோம், மருந்தில் அடங்கிப்போனவர் அன்று கணக்கில் வந்தாரா என்பதெல்லாம் வேறு இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இருபது பேர்தான். உங்கள் ஊரிலும் நாலாயிரம் பெரியவர்கள் இருந்தால் பத்திலிருந்து இருபது பேருக்கு இது இருந்தே தீரும், முக்கால்வாசி பெண்கள். "அவங்களுக்கு ரொம்ப நாளா வாதம்" என்ற ஒரு வார்த்தையில் அவர்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள். எண்ணப்படாதவருக்கு மருந்தும் போய்ச் சேராது.

உலகம் முழுக்க இது ஒரே அளவில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரிசோனாவின் பீமா பூர்வகுடிகளில் 5 சதவீதம் வரை இருந்தது. நைஜீரியாவில் ஒரு கிராமப்புறத்தில் தேடியபோது ஒருவர்கூட அகப்படவில்லை.

திருப்பூர்_கவிதா

சுந்தரம் ஐயா, காரணம் என்ன என்று ஏதாவது கண்டுபிடித்திருக்கிறார்களா? எங்கள் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்களில் கைவலி என்று சொல்லாதவர்களே இல்லை.

சுந்தரம்_புள்ளியியல்

அம்மா, கைவலி எல்லாம் முடக்குவாதம் ஆகாது, ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்தால் வருகிற வலி வேறு. ஆனால் நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். சுவீடனில் எய்ரா என்று ஒரு பெரிய ஆய்வு, அதில் புகைபிடித்தலும் ஒரு குறிப்பிட்ட மரபணு வகையும் சேர்ந்தால் ஆன்டி சி.சி.பி. பாசிடிவான முடக்குவாதம் வரும் வாய்ப்பு பல மடங்கு ஏறுகிறது என்று காட்டினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நம் ஊரில் இந்த நோய் வந்த பெண்களில் பீடி சிகரெட்டைத் தொட்டவர் எத்தனை பேர்? ஆக அந்த விளக்கத்தை இங்கே அப்படியே இறக்குமதி செய்ய முடியாது.

அதே முறையில் மலேசியாவில் செய்தபோது (அங்கே நம் ஆட்களும் இருக்கிறார்கள் இல்லையா) நெசவாலைத் தூசியில் வேலை செய்த பெண்களுக்கு ஆபத்து கூடுதல் என்று தெரிந்தது, 2016 வாக்கில் வெளியானது. பஞ்சாலையும் பின்னலாடையும் இவ்வளவு இருக்கிற கொங்குப் பகுதியில் இதே கேள்வியை வைத்து ஒரு முழுமையான ஆய்வு நடந்தாக வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

கோவை_வைத்தியநாதன்

எல்லோரும் ஆங்கில மருந்தின் பெருமையையே பேசுகிறீர்கள். கோயம்புத்தூரிலேயே ஆயுர்வேதத்தையும் மெத்தோட்ரெக்சேட்டையும் நேருக்கு நேர் வைத்து ஆய்வு நடந்திருக்கிறது, 2011-ல் அமெரிக்க வாதநோய் இதழில் வந்தது, இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன், பக்க விளைவு ஆயுர்வேதத்தில் குறைவு. இதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை? என் தாத்தா காலத்திலிருந்து கஷாயமும் தைலமும் பார்த்து வளர்ந்தவன், அது வெறும் நம்பிக்கை என்று தள்ளுவதை ஏற்க மாட்டேன்.

மரு_தமிழ்நங்கை

சார், அந்த ஆய்வை நானும் படித்தேன், எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஏனென்றால் அதைச் செய்வது அவ்வளவு கஷ்டம். ஆயுர்வேதத்தில் ஆளுக்கு ஆள் மருந்து மாறும், அந்தச் சுதந்திரத்தை வைத்தியரிடம் விட்டுவிட்டு, யாருக்கு எது போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாமல், பரிசோதிக்கிறவருக்கும் தெரியாமல் செய்தார்கள். இரண்டு குழுக்களுக்கு ஒரு பக்கம் உண்மை மருந்து, இன்னொரு பக்கம் அதைப் போலவே செய்த போலி, மூன்றாவது குழுவுக்கு இரண்டுமே உண்மை. கஷாயத்துக்குப் போலி தயாரிப்பது என்றால் சும்மாவா?

ஆனால் மொத்தம் 43 பேர். மூன்றாகப் பிரித்தால் சராசரியாகக் குழுவுக்குப் பதினான்கு பேர்தான். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் "வித்தியாசம் தெரியவில்லை" என்றால் "இரண்டும் சமம்" என்று ஆகிவிடாது. சுந்தரம் ஐயா இதை என்னைவிட நன்றாகச் சொல்வார். செய்தவர்களே அதை முன்னோட்ட ஆய்வு என்றுதான் சொன்னார்கள். 36 வாரம்தான் பார்த்தார்கள், எலும்பு அரிப்பு தடுக்கப்பட்டதா என்று சொல்ல அது போதாது. பெரிய அளவில் மறுபடி செய்ய வேண்டும், செய்தால் முதல் ஆளாக வரவேற்பேன்.

செந்தில், உங்கள் அம்மாவுக்கு ஏற்கெனவே ஆறு மாதம் போய்விட்டது. எலும்பு அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடும், போன எலும்பு திரும்ப வராது. வைத்தியம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், கல்லீரல் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். பெயர், லேபிள் எதுவும் இல்லாமல் பொட்டலத்தில் வருகிற பொடி மட்டும் வேண்டாம். இரண்டு நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

கோவை_வைத்தியநாதன்

பெரிய ஆய்வு வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான் டாக்டரம்மா. பொட்டலப் பொடிக்கும் ஆயுர்வேதத்துக்கும் சம்பந்தம் இல்லை, அதை எழுதியதற்கு நன்றி. சிறிய ஆய்வு என்பதற்காகப் பேசாமலே விடக்கூடாது என்பது மட்டும் என் வாதம், அதில் மாற்றமில்லை.

மதுரை_மீனாட்சி

செந்தில் தம்பி, நானே நோயாளி. பல வருஷமாக மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறேன், பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதுகிற வேலை, இன்றும் எழுதுகிறேன். மாத்திரை போட்ட மறுநாள் கொஞ்சம் குமட்டும், அதனால் சனி ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்வேன். அம்மாவிடம் ஒன்று சொல்லிவையுங்கள், இது வலி மாத்திரை மாதிரி போட்ட அன்றே கேட்காது. ஆறு வாரம், எட்டு வாரம், சில பேருக்கு மூன்று மாதம் ஆகும். "ஒண்ணும் கேக்கல" என்று நடுவில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் டாக்டர் ஒவ்வொரு தடவையும் இரண்டு தோள், முழங்கை, மணிக்கட்டு, ஒவ்வொரு விரல் முட்டி, முழங்கால் என்று 28 இடத்தையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார், தன் நகம் வெளுக்கிற அளவுக்குத்தான் அமுக்க வேண்டுமாம். எத்தனை வலிக்கிறது, எத்தனை வீங்கியிருக்கிறது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். எவ்வளவு, எல்லாம் சேர்த்து ஒரு எண் போடுவார். அந்த எண்ணை என் நோட்டில் குறித்து வைத்துக்கொள்வேன். "எப்படி இருக்கீங்க, பரவாயில்லையா" என்று கேட்டுவிட்டு அதே சீட்டைத் திருப்பித் தருகிற இடமாக இருந்தால் நீங்களே கேளுங்கள், எண் எவ்வளவு, அடுத்த தடவைக்குள் எவ்வளவு ஆக வேண்டும் என்று.

மரு_தமிழ்நங்கை

மீனாட்சி அக்கா சொன்னதற்குப் பின்னால் கிளாஸ்கோவில் செய்த ஒரு ஆய்வு இருக்கிறது, டிகோரா, 2004. ஒரு குழுவை வழக்கம்போல் பார்த்தார்கள், இன்னொன்றை மாதம் ஒரு முறை வரவழைத்து, அந்த எண் இலக்குக்கு வராவிட்டால் அன்றே மருந்தைக் கூட்டினார்கள் அல்லது சேர்த்தார்கள். புது மருந்து ஒன்றுகூட இல்லை, எல்லாம் பழைய விலை மலிவான மருந்துகள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால் நோய் முழுக்க அடங்கியவர்கள் தீவிரமாகக் கவனித்த குழுவில் 65 சதவீதம், மற்றதில் 16. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு இது.

கார்த்தி_துபாய்

என் அப்பாவுக்கும் இதே நோய். காசு பிரச்சினை இல்லை, எடுத்த எடுப்பிலேயே அந்த பயாலஜிக் ஊசி போட்டுவிட்டால் என்ன? ஏன் பழைய மாத்திரையில் ஆரம்பிக்க வேண்டும்?

மரு_தமிழ்நங்கை

நல்ல மருந்துகள்தான். லண்டனில் ஃபெல்ட்மன், மைனி இருவரும் அழற்சியைத் தூண்டுகிற டி.என்.எஃப். என்ற ஒற்றை மூலக்கூறைத் தடுத்தால் மூட்டு அடங்கும் என்று 1992-ல் முதல் நோயாளிகளிடம் காட்டினார்கள், அதன் பிறகு இந்தத் துறையே மாறிவிட்டது. மாத்திரைகளில் அடங்காதவர்களுக்கு அது வரம்.

ஆனால் 2013-ல் ராகேட் என்று 353 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாமல் போனவர்களில் பாதிப் பேருக்கு சல்ஃபாசலசினும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சேர்த்தார்கள், மீதிப் பேருக்கு எடனர்செப்ட் என்ற பயாலஜிக் ஊசி. பலன் கிடைக்காதவர்களை 24 வாரத்தில் மாற்றிவிட்டார்கள். கடைசியில் மூன்று மாத்திரை வழி ஊசி வழிக்குக் குறைந்ததில்லை என்று ஆனது. விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

காசு இருந்தாலும் நம் நாட்டில் காசநோய் இருக்கிறது. டி.என்.எஃப். தான் காசநோய்க் கிருமியை நுரையீரலில் சுவர் கட்டி அடைத்து வைத்திருக்கிறது, அதைத் தடுத்தால் சுவர் இடிந்து உள்ளே தூங்குகிற கிருமி எழுந்துவிடும். 2001-லேயே டி.என்.எஃப்.-ஐத் தடுக்கிற இன்ஃப்ளிக்சிமேப் ஊசி போட்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததைப் பதிவு செய்தார்கள். அதனால் மார்பு எக்ஸ்ரே, மான்டூ என்ற தோல் பரிசோதனை அல்லது ரத்தப் பரிசோதனை பார்க்காமல் யாராவது ஊசி போடுகிறேன் என்றால் போட்டுக்கொள்ளாதீர்கள். டோஃபாசிடினிப் போன்ற மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். அதில் 50 வயது கடந்து இதயநோய் ஆபத்து இருக்கிறவர்கள், புகைபிடிக்கிறவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம், 2021-ல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கையே போட்டது.

நிவே_சேலம்

அக்கா, எனக்கு 27 வயது, கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, இதே மாத்திரைதான் எடுக்கிறேன். வீட்டில் அவர்களிடம் சொல்லவே பயமாக இருக்கிறது.

மரு_தமிழ்நங்கை

நிவே, நோயைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, ஆனால் டாக்டரிடம் கல்யாணத்தைக் கட்டாயம் சொல்லுங்கள், இந்த வாரமே. மெத்தோட்ரெக்சேட் எடுக்கும்போது கரு உண்டாகக் கூடாது, குழந்தைக்குக் குறைபாடு வரலாம். நம் பக்கம் பொதுவாக மூன்று மாதம் முன்பே நிறுத்தச் சொல்வோம். அதற்குப் பதிலாக ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் எல்லாம் கர்ப்பத்திலும் தொடரலாம். நோய் அடங்கிய நிலையில் திட்டமிட்டுக் குழந்தை பெற்றவர்களை எங்கள் வெளிநோயாளர் பிரிவில் வாராவாரம் பார்க்கிறேன். தனிச் செய்தி அனுப்புங்கள், என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன்.

செந்தில்_முசிறி

எல்லோருக்கும் மனசார நன்றி. சுப்பாராவ் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், பிறகு டாக்டரிடமும் போனில் பேசிவிட்டோம். புதன்கிழமை ராத்திரி என்று முடிவு செய்து முதல் மாத்திரை போட்டாகிவிட்டது. மாமா வெள்ளை அணு, கல்லீரல் ரிப்போர்ட் எல்லாம் ஃபைல் போட்டு வைக்கிறேன் என்று பொறுப்பு எடுத்துக்கொண்டார். ராஜா அண்ணா, ஒரு புதன் மறந்துபோனால் என்ன செய்வது? சளி காய்ச்சல் வந்தால் போடலாமா?

ராஜா_மெடிக்கல்ஸ்

நல்லது தம்பி. வியாழன் வெள்ளிக்குள் ஞாபகம் வந்தால் போட்டுவிட்டு அடுத்த புதனுக்கு வழக்கம்போல் வந்துவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள், இரண்டு வாரத்துக்குச் சேர்த்து மட்டும் போடக் கூடாது. நல்ல காய்ச்சல், ஆன்டிபயாடிக் எடுக்கிற அளவுக்கு என்றால் அந்த வார மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டருக்குப் போன் போடுங்கள். சிறுநீர்த் தொற்று, வயிற்றுப்போக்கு என்று வேறு எங்கே போனாலும் மெத்தோட்ரெக்சேட் சீட்டைக் காட்டுங்கள், கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் வேண்டாம் என்று சொல்லி மாற்றி வாங்குங்கள், இரண்டும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் மோசமாக இறங்கும். முதல் ரத்தப் பரிசோதனை எப்போது என்று டாக்டர் சொல்லியிருப்பார், பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள். காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள்.